மீட்டர் காட்டும் வேகமும் கேமரா பிடிக்கும் வேகமும்

பெருநாள் விடுமுறை முடிந்து சம்மன் கடிதங்கள் வரத் தொடங்கும் வாரங்களில், தோட்டத்து ஒட்டுக்கடையிலும் பட்டணத்துச் சாப்பாட்டுக் கடையிலும் ஒரே மாதிரியான இரண்டு வழக்குகள் பேசப்படும். முதல் வழக்கு: "மீட்டர்ல 110தான் காட்டுச்சு. சம்மன்ல 118ன்னு போட்டிருக்கான். மீட்டர் தப்பு." இரண்டாவது வழக்கு: "மீட்டர் 110ன்னு சொல்லுது, போன்ல வேஸைத் திறந்து பார்த்தா 104தான். கார் நம்மள ஏமாத்துது."

இரண்டையும் ஒரே மேசையில் ஒரே ஆள் சொல்வதும் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே காருக்கு ஒரே நேரத்தில் பொருந்தாது. மீட்டர் உண்மை வேகத்தைவிடக் கூட்டிக் காட்டுகிறது என்றால், மீட்டரில் 110ஐத் தாண்டாத கார் கேமராவில் 118ஆகப் பதிவாக வழியே இல்லை. இந்தச் சிறிய கணக்கு புரியாததால் இரண்டு இழப்புகள் ஏற்படுகின்றன. ஒன்று, கட்ட வேண்டிய சம்மனைக் கட்டாமல் இழுத்தடிப்பது. மற்றொன்று, இணையக் கடையில் ஒரு வேகம் காட்டும் கருவியை வாங்கி மாட்டிவிட்டு, இதுவரை சம்மன் வாங்காத ஓட்டுநரும் வாங்கத் தொடங்குவது.

எழுத்தில் 'வேகமானி' என்றாலும் வழக்கில் அது மீட்டர்தான். இங்கும் அப்படியே அழைக்கலாம்.

மீட்டர் ஏன் கூட்டிக் காட்டுகிறது?

கார் மீட்டர் சாலையைப் பார்த்து வேகத்தை அளப்பதில்லை. சக்கரம் அல்லது கியர்பெட்டியின் தண்டு ஒரு விநாடிக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதை ஓர் உணர்கருவி எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையை, டயரின் சுற்றளவு இவ்வளவு என்று தொழிற்சாலை எழுதிவைத்த ஓர் அளவால் காரின் கணினி பெருக்குகிறது. அப்படி வருவதுதான் வேகம். டயர் புதிதா தேய்ந்ததா, காற்று சரியாக இருக்கிறதா, கடையில் வேறு அளவு மாற்றப்பட்டதா என்பதெல்லாம் அந்தக் கணினிக்குத் தெரியாது.

இத்தனை நிச்சயமின்மையை வைத்துக்கொண்டு துல்லியமான எண்ணைக் காட்டத் தயாரிப்பாளர்கள் துணிவதில்லை. அதற்குச் சட்டமும் காரணம். ஐக்கிய நாட்டுச் சபையின் வாகன விதிகளில் 39ஆம் எண் விதி மீட்டரைப் பற்றியது. அதன் சாரம் இதுதான்: மீட்டர் காட்டும் எண் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறையக்கூடாது. கூடலாம், ஆனால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் தான் எல்லை. இந்த வாகன விதிகளுக்கு அடிப்படையான 1958ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மலேசியா 2006 முதல் உறுப்பு நாடு.

இதை எண்ணில் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். ஒரு கார் உண்மையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மீட்டர் 100 முதல் 114 வரை எதைக் காட்டினாலும் விதிக்கு உட்பட்டதுதான். 99 காட்டினால் அந்த மாடலுக்கு அங்கீகாரம் கிடைக்காது. மறுபக்கமாகப் பார்த்தால், மீட்டரில் 110 காட்டும் கார் உண்மையில் சுமார் 96க்கும் 110க்கும் இடையே எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலான கார்கள் இந்த எல்லையின் கடைசிவரை போவதில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் நாலைந்து கிலோமீட்டர் கூட்டிக் காட்டுவதே வழக்கம். வேஸில் 104 என்று பார்த்தவர் கண்டது இதைத்தான். கார் ஏமாற்றவில்லை, கார் சட்டப்படி நடந்திருக்கிறது.

ஆகவே, தொழிற்சாலை போட்டுக்கொடுத்த அளவு டயரோடு ஓடும் கார் கேமராவில் 118ஆகப் பதிவாகியிருந்தால், அந்த நேரத்தில் அதன் மீட்டரில் குறைந்தது 118ஆவது இருந்திருக்க வேண்டும். 120ஐத் தாண்டியிருந்தாலும் வியப்பில்லை. ஓட்டுநர் பார்த்த 110, கேமராவைக் கடந்த அந்த விநாடியின் எண்ணாக இருக்க முடியாது. பிரேக்கை மிதித்த பிறகு பார்த்த எண்ணாக இருக்கலாம், அல்லது வழிநெடுக மனத்தில் பதிந்திருந்த எண்ணாக இருக்கலாம். மீட்டரைப் பழி சொல்லி வாதாடுவதில் பயனில்லை என்பது இதனால்தான்.

2026 ஜனவரி முதல் நடப்பில் உள்ள புதிய கட்டண முறையில் இந்த வாதம் செலவும் வைக்கும். சம்மன் வந்த 15 நாட்களுக்குள் கட்டினால் பாதித் தொகை கழிவு. 16ஆம் நாள் முதல் 30ஆம் நாள் வரை கழிவு 33 விழுக்காடு. அதற்குப் பிறகு முழுத் தொகை. 60 நாட்களைக் கடந்தால் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகும். முன்போல் ஆண்டு இறுதியில் வரும் பெரிய கழிவுக்காகக் காத்திருந்து கட்டும் பழக்கம் இனி உதவாது. மீட்டர் தவறு என்று இரண்டு வாரம் பேசிக்கொண்டிருப்பவர் அந்தப் பேச்சுக்கே பணம் கட்ட நேரிடும்.

விதிவிலக்கு டயர் கடையில் பிறக்கிறது

மீட்டர் உண்மையிலேயே குறைத்துக் காட்டும் கார்களும் சாலையில் உண்டு. அவை தொழிற்சாலையிலிருந்து அப்படி வருவதில்லை.

சிறிய கார்களில் பரவலாகக் காணப்படும் ஒரு டயர் அளவு 175/65 ஆர்14. அதன் விட்டம் ஏறக்குறைய 583 மில்லிமீட்டர். 15 அங்குல ரிம் போட்டு, 185/55 ஆர்15 டயர் மாட்டினால் விட்டம் 584 அல்லது 585தான் வரும். மீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. ரிம் பெரிதானாலும் டயரின் பக்கச்சுவர் குறைந்து ஈடுகட்டிவிடுகிறது. விவரம் தெரிந்த கடைக்காரர் இப்படித்தான் பார்த்து மாற்றுவார். ஆனால் மலிவாகக் கிடைத்த பழைய ரிம்மோடு 195/60 ஆர்15 டயர் வந்துவிட்டது, அதையே மாட்டிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தால் விட்டம் 615 ஆகிவிடும். ஐந்தரை விழுக்காடு கூடுதல். சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் கூடுகிறது, கணினியோ பழைய அளவையே பெருக்கிக்கொண்டிருக்கிறது.

முன்பு மீட்டர் 110 காட்டும்போது உண்மையில் 104இல் ஓடிய கார், இப்போது அதே 110இல் ஏறக்குறைய உண்மையான 110இல் ஓடும். தொழிற்சாலை கொடுத்த தாராளம் முழுவதையும் நான்கு டயர்கள் தின்றுவிட்டன. ஏற்கெனவே மீட்டர் துல்லியமாக இருந்த காராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: மீட்டர் 110 என்று சொல்லும், கேமரா 116 என்று பதிவு செய்யும். ஒட்டுக்கடையின் முதல் வழக்கில் நியாயம் இருக்கக்கூடிய ஒரே இடம் இதுதான். அதிலும் சட்டத்தின் பார்வையில் பொறுப்பு டயரை மாற்றிய உரிமையாளருடையதே.

தேய்மானம் இதற்கு நேர் எதிர். புதிய டயரின் பொழி ஆழம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு 1.6. அதுவரை தேய்ந்த டயரின் விட்டம் புதியதைவிட 13 மில்லிமீட்டர் குறைவு. சிறிய காருக்கு இது இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல். அதாவது டயர் தேயத் தேய மீட்டர் இன்னும் கூட்டிக் காட்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மொட்டை டயரைக் கழற்றிப் புது டயர் மாட்டிய நாளிலிருந்து, மீட்டரில் அதே எண்ணைப் பிடித்து ஓட்டினாலும் கார் உண்மையில் இரண்டு கிலோமீட்டர் வேகமாக ஓடுகிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும் முன் நான்கு டயரையும் மாற்றிக்கொண்டு புறப்படுவது நல்ல பழக்கம்தான். மீட்டர் பழைய மீட்டர் அல்ல என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு புறப்படுவது அதைவிட நல்லது.

இதையெல்லாம் யாரும் சோதிப்பதில்லை. பேருந்து, லோரி, டாக்சி போன்ற வாகனங்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். சொந்தக் காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெயர் மாற்றும்போதுதான் பரிசோதனை. பத்து, பதினைந்து ஆண்டுகள் ஒரே வீட்டில் ஓடும் கார், கடையைவிட்டு வெளியே வந்த நாளுக்குப் பிறகு அதன் மீட்டரை யாரும் சரிபார்க்காமலேயே ஆயுளை முடித்துவிடலாம். டயர் அளவு மாறினால் மீட்டரும் மாறும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் கடைகள் உண்டு. சொல்லாத கடைகளே அதிகம்.

கண்ணாடியில் தெரியும் எண் யாருடைய எண்?

இந்தச் சூழலில்தான் முன்கண்ணாடியில் வேகத்தைக் காட்டும் கருவிகள் வந்து சேர்ந்தன. விலை உயர்ந்த கார்களில் தொழிற்சாலையே பொருத்தித்தரும் ஹெட்-அப் டிஸ்பிளே ஒரு காலத்தில் போர்விமானத்துக்கு மட்டும் உரியதாக இருந்தது. இன்று அதன் மலிவுப் பதிப்பு ஷோப்பியிலும் லசாடாவிலும் நூறு ரிங்கிட்டுக்கும் குறைவாகக் கிடைக்கிறது. டேஷ்போர்டின் மேல் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி, கண்ணாடியில் ஒட்ட ஒரு சிறு பிரதிபலிப்புத் தாள், ஒரு வயர். இரவில் பச்சையாகவோ வெள்ளையாகவோ எண் மிதக்கும். மின்வாடகைக் கார் ஓட்டுபவர்கள், தினமும் சிங்கப்பூருக்கோ கிள்ளானுக்கோ போய்வருபவர்கள், சும்மா ஆசைக்கு வாங்குபவர்கள் என்று பலரும் மாட்டியிருக்கிறார்கள்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பெட்டி எண்ணை எங்கிருந்து எடுக்கிறது என்பதுதான்.

ஒரு வகை, ஸ்டீயரிங்கின் கீழே உள்ள ஓபிடி சொருகியில் மாட்டுவது. மெக்கானிக் காரின் கோளாறைப் படிக்கப் பயன்படுத்தும் அதே சொருகி. இது காரின் கணினியிடமிருந்து வேகத்தைக் கேட்டு வாங்குகிறது. மீட்டரின் முள்ளுக்குப் போகும் முன், கூட்டிக் காட்டும் கழிவு சேர்க்கப்படாத எண்ணாக அது பெரும்பாலும் இருக்கும். அதனால் மீட்டரைவிட நாலைந்து குறைவாகக் காட்டக்கூடும். ஆனால் இதுவும் சக்கரச் சுற்றிலிருந்து வந்த எண்தான். பெரிய டயர் மாட்டிய காரில் மீட்டர் எவ்வளவு தவறுகிறதோ, இந்தப் பெட்டியும் அதே அளவு தவறும். சொல்லப்போனால் கழிவும் இல்லாததால் இது நேராகவே குறைத்துக் காட்டும். பழைய கஞ்சில், வீரா போன்ற கார்களில் இந்தச் சொருகியே பொருந்தாமல் போகலாம். பல கார்களில் இச்சொருகிக்கு எந்நேரமும் மின்சாரம் வந்துகொண்டிருக்கும். எஞ்சினை நிறுத்திய பிறகும் பெட்டி தூங்காமல் இருந்தால், இரண்டு வாரம் எடுக்காமல் நிறுத்திய காரின் பேட்டரி இறங்கிப்போகும்.

மற்றொரு வகை ஜிபிஎஸ். சக்கரத்தைப் பற்றி இதற்குக் கவலையில்லை. செயற்கைக்கோள் சமிக்ஞைகளில் கார் நகர்வதால் ஏற்படும் அலைவரிசை மாற்றத்தைக் கொண்டு வேகத்தைக் கணிக்கிறது. திறந்த வானத்தின் கீழ், ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது இது மிகத் துல்லியமானது. கைத்தொலைபேசியில் வேஸும் கூகள் மேப்ஸும் காட்டும் எண்ணும் இதே இனம்தான். இதன் பலவீனம் தாமதம். மலிவான பெட்டிகள் விநாடிக்கு ஒருமுறைதான் எண்ணைப் புதுப்பிக்கும். கேமராவைக் கண்டு பிரேக் போடும்போதோ, லோரியை முந்த வேகத்தைக் கூட்டும்போதோ அது காட்டுவது சற்று முந்தைய வேகம். மெனோரா சுரங்கப்பாதையிலும், காராக் நெடுஞ்சாலையின் கெந்திங் செம்பா சுரங்கப்பாதையிலும், கோலாலம்பூர் ஸ்மார்ட் சுரங்கத்திலும் வானமே தெரியாது. உள்ளே நுழையும்போது இருந்த எண் அப்படியே நிற்கலாம், அல்லது கோடு மட்டும் தெரியலாம்.

தொழிற்சாலை பொருத்தித்தரும் கருவியோ மீட்டர் காட்டும் அதே எண்ணைத்தான் கண்ணாடியில் காட்டும். அங்கே முரண்பாடு எழுவதில்லை. அதன் பிம்பம் காரின் முன்முனைக்கு அப்பால் மிதப்பதுபோல ஒளியமைப்பு செய்யப்பட்டிருக்கும். கண் சாலையிலிருந்து அதிகம் விலகாது. நூறு ரிங்கிட் பெட்டியில் அப்படி இல்லை. டேஷ்போர்டில் கிடக்கும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது, அவ்வளவே. கண் தூரத்துச் சாலையிலிருந்து அருகில் உள்ள பிம்பத்துக்குக் குவியத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். தலையைக் குனியும் வேலை மட்டும் மிச்சம். காரின் முன்கண்ணாடிக்கு உட்புறம், வெளிப்புறம் என இரண்டு பரப்புகள் இருப்பதால் எண் இரட்டையாகத் தெரியும். அதற்காகத்தான் அந்தத் தாள். நண்பகல் வெயிலில் எண் மங்கும், கனத்த மழை இரவில் கண்ணைக் கூசும். பயணியின் காற்றுப்பை இருக்கும் மூடியின் மேல் பெட்டியை ஒட்டிவைப்பவர்களும் இருக்கிறார்கள். விபத்தில் அந்த மூடி வெடித்துத் திறக்கும்போது பெட்டி எந்தத் திசையில் பறக்கும் என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

மீட்டரில் மிச்சமான ஆறு கிலோமீட்டர்

இவை எல்லாம் சிறு குறைகள். பெரிய சிக்கல் கருவியில் இல்லை, அதைப் பார்த்த பிறகு ஓட்டுநர் எடுக்கும் முடிவில் இருக்கிறது.

மீட்டர் 110, ஜிபிஎஸ் 104 என்று முதன்முதலாகப் பார்த்தவருக்குத் தோன்றுவது, இத்தனை நாளும் ஆறு கிலோமீட்டர் வீணாகிவிட்டது என்பதே. அடுத்த பயணத்திலேயே கண்ணாடியில் 110 வரும்வரை மிதிக்கிறார். மீட்டரில் 116. சட்டப்படி இதில் குற்றம் இல்லை; உண்மை வேகம் 110தான். ஆனால் அவரையும் அறியாமல் அவர் சுற்றி இருந்த வேலியைப் பிடுங்கிவிட்டார். முன்பு இறக்கத்தில் கார் ஐந்து கிலோமீட்டர் தானாக ஏறினாலும் அவர் எல்லைக்குள் இருந்தார். முந்திச் செல்லும்போது மீட்டர் 114 காட்டினாலும் உண்மை 108ஆக இருந்தது. இனி ஒவ்வொரு சிறு கவனக்குறைவும் நேராக எல்லையைத் தாண்டும். தாமதமாக எண்ணைப் புதுப்பிக்கும் ஜிபிஎஸ் பெட்டியை நம்பி விளிம்பிலேயே ஓட்டுபவருக்கு இது அடிக்கடி நடக்கும்.

இதில் மிச்சமாவது என்ன? கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். உண்மையான 104இல் ஓடினால் 115 நிமிடம், 110இல் ஓடினால் 109 நிமிடம். வழியில் எங்கும் நெரிசல் இல்லாமல், ஓய்விடத்தில் நிற்காமல் போனால்தான் இந்த ஆறு நிமிடமும் கிடைக்கும். தாப்பா ஓய்விடத்துக் கழிப்பறை வரிசை அதைத் திருப்பி வாங்கிவிடும். மறுபுறம், மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 104க்கும் 110க்கும் இடையே அது 12 விழுக்காடு அதிகம். 110க்கும் 120க்கும் இடையே 19 விழுக்காடு. நாட்டில் ஆண்டுதோறும் 6,000க்கும் மேற்பட்டோர் சாலையில் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அடிபடுபவருக்கு மோதிய வாகனத்தின் உண்மை வேகம் மட்டுமே கணக்கு.

கேமராக்களும் மாறிவருகின்றன. 2012இல் ஏஇஎஸ் என்ற பெயரில் தொடங்கி இப்போது அவாஸ் எனப்படும் முறை, ஒரு கம்பத்தைக் கடக்கும் விநாடியின் வேகத்தைப் பிடிப்பது. கம்பம் எங்கே என்று வேஸ் சொல்லிவிடும், பிரேக் போட்டுக் கடந்து மீண்டும் மிதிப்பது பழக்கமாகிவிட்டது. இதை முறியடிக்க, இரு புள்ளிகளுக்கு இடையே எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணக்கிடும் முறையைக் கொண்டுவரப்போவதாகப் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் 2025இல் அறிவித்தார். 10 கிலோமீட்டர் தூரத்தை 110 வேகத்தில் கடக்க 5 நிமிடம் 27 விநாடி ஆகும். சரியாக 5 நிமிடத்தில் கடந்தவர் 120இல் வந்திருக்கிறார். நடுவில் எத்தனை முறை பிரேக் போட்டார் என்பது பொருட்டல்ல. டயர் அளவு, மீட்டர், கண்ணாடிப் பெட்டி எதுவும் இந்தக் கணக்குக்குள் வராது. தூரமும் கடிகாரமும் மட்டுமே. இந்த முறையில் மீட்டரின் 110ஐ நம்பி ஓட்டும் சாதாரண ஓட்டுநருக்குப் பயம் தேவையில்லை. அவருடைய சராசரி எப்படியும் 110க்குக் கீழேதான் நிற்கும். ஜிபிஎஸ் எண்ணை 110இலேயே ஒட்டவைத்து ஓட்டுபவர்தான் விநாடிகளை எண்ண வேண்டியிருக்கும்.

லைசன்ஸை நம்பிப் பிழைப்பவர்கள்

சொந்தக் கார்க்காரருக்கு சம்மன் ஒரு செலவு. லோரி, தொழிற்சாலைப் பேருந்து, பள்ளி வேன் ஓட்டிப் பிழைப்பவருக்கு அது வேலை. தோட்டத்தைவிட்டுப் பட்டணத்துக்கு வந்த தலைமுறையில் இந்தத் தொழில்களைப் பிடித்துக்கொண்ட தமிழர்கள் கணிசமானவர்கள். கெஜாரா புள்ளிகள் சேர்ந்து உரிமம் முடக்கப்பட்டால் வீட்டின் வருமானமும் முடங்கும்.

2025 ஜூன் 9ஆம் தேதி கெரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து விபத்துக்குள்ளாகி, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தனர். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு, கனரக வாகனங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டாயமாக்கும் நடவடிக்கை 2025 அக்டோபர் 1 முதல் கட்டம் கட்டமாக நடப்புக்கு வந்தது. 90 கிலோமீட்டரைத் தாண்டாதபடி எஞ்சினுக்குப் போகும் எரிபொருளைக் குறைப்பது அதன் வேலை.

ஆனால் அந்தக் கருவிக்கும் கண் சக்கரத்தில்தான் இருக்கிறது. நிர்ணயித்த அளவைவிடப் பெரிய டயர் மாட்டினால், கருவி 90 என்று நம்பும் வேகம் உண்மையில் 94ஆக இருக்கும். இறக்கத்தில் பாரத்தோடு வண்டி தானாக உருளும் வேகத்தை எரிபொருளைக் குறைக்கும் கருவி பிடித்து நிறுத்தாது. அங்கே பிரேக்கும் ஓட்டுநரும்தான். கருவி மாட்டிய சான்றிதழ் கண்ணாடிப் பைக்குள் இருக்கிறது என்பதால் எல்லாம் சரி என்று முதலாளி சொன்னாலும், டயர் அளவை மாற்றிய பிறகு கருவி மீண்டும் அளவீடு செய்யப்பட்டதா என்று கேட்க ஓட்டுநருக்கு உரிமை உண்டு. கேமராவில் பதிவாகும் பெயர்ப்பட்டை நிறுவனத்துடையது. ஆனால் யார் ஓட்டினார் என்று இலாகா கேட்டால் நிறுவனம் கொடுக்கப்போவது அவர் பெயரைத்தான்.

கார்களுக்கான கண்ணாடிப் பெட்டிகள் இவர்களுக்கு அதிகம் உதவுவதில்லை. லோரி, பேருந்தின் முன்கண்ணாடி நெட்டுக்குத்தாக இருப்பதால் எண் கண்ணுக்கு நேராக விழாது. திரையிலேயே எண்ணைக் காட்டும் எளிய ஜிபிஎஸ் மீட்டர் பொருத்தமானது. 80 என்று ஒலி எழுப்பும் வசதியை இயக்கிவைத்தால், கூட்டரசு சாலைக்குள் திரும்பிய பிறகும் நெடுஞ்சாலைப் பழக்கத்தில் 90இலேயே போய்க்கொண்டிருப்பதைத் தவிர்க்கலாம்.

பெட்டி வாங்காமலேயே மீட்டரைச் சோதிக்க வழி இருக்கிறது. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. சமதளமான, நெரிசல் இல்லாத பகுதியில் மீட்டரை 100இல் நிலைநிறுத்தி, பக்கத்தில் இருப்பவர் கைத்தொலைபேசியின் கடிகாரத்தில் 10 கிலோமீட்டருக்கு ஆகும் நேரத்தை எடுக்க வேண்டும். ஓட்டுபவர் இதைச் செய்யக்கூடாது. உண்மையான 100 என்றால் சரியாக 6 நிமிடம். 6 நிமிடம் 20 விநாடி ஆனால் உண்மை வேகம் 95க்குச் சற்றுக் கீழே. மீட்டர் ஐந்து கிலோமீட்டர் கூட்டிக் காட்டுகிறது, கவலையில்லை, அப்படியே விட்டுவிடலாம். 6 நிமிடத்துக்கும் குறைவாக, உதாரணமாக 5 நிமிடம் 50 விநாடி ஆனால், உண்மை வேகம் ஏறக்குறைய 103. மீட்டர் குறைத்துக் காட்டுகிறது. அப்போது வாங்க வேண்டியது கண்ணாடியில் எண் காட்டும் பெட்டி அல்ல. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுப்பட்டையில் அச்சிட்டிருக்கும் டயர் அளவையும், காரில் மாட்டியிருக்கும் டயரின் பக்கத்தில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, டயர் கடைக்குப் போக வேண்டும்.